கொழுந்துக் கூடைக்கு ஒரு பதிவெண்: சமூக அருங்காட்சியகம் என்றால் என்ன?

அருங்காட்சியகம் என்றதும் தமிழ்நாட்டுக்காரருக்கு எழும்பூர் நினைவுக்கு வரும், இலங்கைக்காரருக்குக் கொழும்பு. எழும்பூர் 1851-ல் தொடங்கியது, கொழும்பு 1877-ல். வெண்கலச் சிலைகள், கல்வெட்டுகள், நாணயங்கள், அரசர் காலத்து ஆயுதங்கள் என்று பார்த்துக்கொண்டே போகலாம். பெரும்பாலும் அரிய பொருள்கள். அரிதாக இருப்பதால்தான் அவை அங்கே வந்து சேர்ந்தன.

இலங்கையின் மலையகத்தில், கம்பளைப் பக்கம், பழைய பீகொக் தோட்டத்தில் வேறு மாதிரியான ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கான அருங்காட்சியகம் அது. கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007-ல் அதை அமைத்தது. கட்டடமே ஒரு பழைய லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகளைக் கட்டி, அறைக்கு ஒரு குடும்பம் என்று குடிவைத்த வீடுதான் லயம். அறையைக் காம்பரா என்பார்கள். பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும். முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு சின்னத் திண்ணை. அந்த லயத்துக்குள் வைத்திருப்பவை தோட்டத்து மக்கள் புழங்கிய பாத்திரங்கள், வேலைக் கருவிகள், அவர்கள் போட்டுக்கொண்ட நகைகள், இசைக்கருவிகள், பழைய காகிதங்கள், படங்கள். அரிய பொருள் என்று சொல்ல அங்கே அதிகம் இல்லை. ஒரு காலத்தில் காம்பராவுக்குக் காம்பரா இருந்த சாமான்கள்தான்.

அப்படியானால் அவற்றை எதற்காகச் சேர்த்துவைக்க வேண்டும்? வீட்டில் கிடந்த ஒரு பொருள் எந்த இடத்தில் அருங்காட்சியகப் பொருளாக மாறுகிறது? சமூக அருங்காட்சியகம் என்ற கருத்து இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடும்.

ஒரே கூடை, இரண்டு நினைவுப்பொருள்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்த வெள்ளைக்காரப் பயணிகள் ஊருக்குத் திரும்பும்போது நினைவாக எடுத்துப்போன பொருள்களில் படத் தபாலட்டையும் ஒன்று. கொழும்பில் பிளாட்டே போன்ற படப்பிடிப்பு நிலையங்கள் அவற்றை ஏராளமாக அச்சிட்டு விற்றன. கடற்கரை, யானை, கண்டி ஏரி ஆகியவற்றோடு தேயிலை கிள்ளும் பெண்ணும் அதில் இருப்பாள். முதுகில் கூடை, தலையில் கயிறு, மூக்குத்தி, கால் கொலுசு. அடியில் 'கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்' என்ற பொருளில் ஒரு வரி. அவள் பெயர் இருக்காது. எந்தத் தோட்டம் என்பதும் பெரும்பாலும் இருக்காது. அந்த அட்டைகள் இன்றும் லண்டனில் ஏலத்துக்கு வருகின்றன, நல்ல நிலையில், சட்டமிட்ட அட்டைக்குள் பத்திரமாக.

இனி அதே கூடையை அந்தப் பெண்ணின் வீட்டுப் பக்கமிருந்து பாருங்கள். மூங்கிலிலோ பிரம்பிலோ பின்னிய கூடை. கயிறு தலையில் படும் இடத்தில் அழுத்தாமல் இருக்கத் துணியை மடித்து வைத்துக்கொள்வார்கள். இடுப்புக்குக் கீழே செடி கீறாமல் இருக்கப் படங்கு என்ற தடித்த விரிப்பைக் கட்டிக்கொள்வார்கள். பல வருடம் உழைத்த ஒரு கூடையில் முதுகில் உரசிய பக்கம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்து, நிறம் மாறி இருக்கும். வெளிப்பக்கம் செடியில் பட்டுச் சொரசொரவென்று பிசிறு தட்டியிருக்கும். விளிம்பில் மூங்கில் விட்டுப்போன இடத்தில் கம்பியால் தைத்திருப்பார்கள். மழைக்காலத்தில் நனைந்த கொழுந்தின் பாரம் முழுவதும் நெற்றிக்கு மேலே உள்ள அந்த ஒரு பட்டையில்தான் இறங்கும். கூடையை நிறுத்திவிட்டு நைலான் பையோ சாக்கோ பயன்படுத்தும் தோட்டங்கள் இப்போது அதிகம். அதனால் கூடை பரணுக்குப் போனது, அப்புறம் அடுப்புக்குப் போனது.

தபாலட்டை, பார்க்க வந்தவரின் நினைவுப்பொருள். கூடை, பார்க்கப்பட்டவரின் நினைவுப்பொருள். உலகத்து நூலகங்களிலும் ஆவணக்காப்பகங்களிலும் முதல் வகை நிறையவே இருக்கிறது. தோட்டத்துரைமாரின் நாட்குறிப்புகள், கம்பெனிக் கணக்குகள், தேயிலை டப்பாக்கள், விளம்பரங்கள் எல்லாம் கிடைக்கும். இரண்டாம் வகையைத் தேடிப் போனால் கை வெறுமையாகத் திரும்பும். சமூக அருங்காட்சியகம் செய்ய முனைவது இந்த இரண்டாம் வகையைச் சேர்ப்பது. சேர்ப்பதற்கான உரிமையையும் அந்த மக்களிடமே கொடுப்பது. எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது, அதைப் பற்றி என்ன எழுதுவது என்று முடிவு செய்பவர் வெளியிலிருந்து வரும் நிபுணர் மட்டுமாக இருக்கக் கூடாது என்பதே இதன் அடிப்படை.

இந்த எண்ணம் ரொம்பப் பழையது அல்ல. அமெரிக்காவின் வாஷிங்டனில் கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த அனகோஸ்டியா பகுதியில் ஸ்மித்சோனியன் நிறுவனம் 1967-ல் ஒரு பழைய சினிமாக் கொட்டகையில் சிறிய அருங்காட்சியகம் திறந்தது. அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குப் பெரிய தொல்லை எலிதான் என்று தெரிந்தபோது, 1969-ல் அங்கே எலியைப் பற்றியே ஒரு கண்காட்சி வைத்தார்கள். மக்களின் அன்றாடம்தான் விஷயம் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. 1972-ல் சிலி நாட்டின் சாண்டியாகோவில் யுனெஸ்கோ கூட்டிய வட்டமேசைக் கூட்டம், அருங்காட்சியகம் தன்னைச் சுற்றியிருக்கும் சமூகத்துக்குக் கடமைப்பட்டது என்று வெளிப்படையாகப் பேசியது. வரலாறு இந்த அளவு போதும், மலையகத்துக்குத் திரும்புவோம்.

காம்பராவில் என்னதான் மிஞ்சியது?

1820-களில் இலங்கையில் காப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கியதும் சென்னை மாகாணத்து மாவட்டங்களிலிருந்து ஆள் கொண்டுபோனார்கள். மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளை வந்து சேர வேண்டும். வழியில் காலராவுக்கும் பசிக்கும் செத்தவர்கள் ஏராளம். 1869-ல் காப்பி இலையில் துருநோய் தோன்றிப் பரவி, தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. தேயிலைக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும் என்பதால் வந்தவர்கள் குடும்பத்தோடு தங்கிவிட்டார்கள்.

நடந்து வருபவர் எவ்வளவு தூக்கிவர முடியும்? ஒரு செம்பு, ஒரு துணி மூட்டை, குலதெய்வத்தின் மண். ஆகவே முதல் தலைமுறையின் பொருள்கள் கிடைப்பது மிக அரிது. கிடைப்பவற்றில் பாதி, அவர்கள் விரும்பி வைத்துக்கொண்டவையும் அல்ல, அவர்கள்மேல் சுமத்தப்பட்டவை. தகர டிக்கட் அப்படி ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆள்பிடித்து அனுப்பும்போது, எழுத்தும் எண்ணும் பொறித்த ஒரு தகர வில்லையை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். அவர் எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்பதை அது காட்டும். வழிச்செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்பதற்கு அதுதான் ஆதாரம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் தகரம். பெயருக்கு அதில் இடமில்லை.

துண்டு என்று இன்னொன்று. தொழிலாளி கடனைக் கட்டினால் அவரை விடுவிக்கிறோம் என்று தோட்டம் எழுதிக்கொடுக்கும் சீட்டு. இது இல்லாமல் வேறு தோட்டத்தில் சேர முடியாது. அடுத்த தோட்டத்தார் அந்தக் கடனை அடைத்து ஆளை எடுத்துக்கொள்வார், கடனும் ஆளோடு கூடவே போகும். 1921-ல் இந்த முறையை ஒழித்தார்கள். புதிதாக வந்தவருக்குத் தோட்டம் கொடுத்த கம்பளிக்கும் இதே கதைதான்: குளிருக்குக் கம்பளி கொடுத்தார்கள், விலையைக் கடனில் எழுதிக்கொண்டார்கள்.

இவற்றோடு விரும்பி வைத்துக்கொண்டவையும் உண்டு. தப்பு, உடுக்கை, காமன் கூத்தில் போட்ட அணிகலன்கள், காதில் தொங்கிய தண்டட்டி, பெட்டிக்கு அடியில் வைத்த கல்யாணப் படம். ஊரிலிருந்து வந்த பித்தளைச் செம்பு. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியை இரண்டிலும் சேர்க்கலாம். தோட்டத்து வேலைக்கான கருவிதான், ஆனால் ஒரே ஆள் வருடக்கணக்கில் தீட்டித் தீட்டி அலகு ஒடுங்கிப்போய், கைப்பிடி அவர் விரலுக்கு ஏற்பக் குழிந்திருக்கும்.

அப்புறம் காகிதங்கள். 1948-ன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று முடிவானது. மீதி 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். யாரை எந்தப் பக்கம் என்று தீர்மானிக்க விண்ணப்பம், சான்றிதழ், பாஸ்போர்ட், குடும்ப அட்டை என்று காகிதம் சேர்ந்துகொண்டே போனது. தலைமன்னாருக்குப் போகும் ரயிலில் ஏற்றிவிட வந்தவர்களும் ஏறியவர்களும் அழுத அழுகையால் மலையகத்தில் அதற்கு 'அழுகைக் கோச்சி' என்றே பெயர் வந்தது. அந்த ரயிலில் போன டிரங்குப் பெட்டிகள் பல இன்று நீலகிரியில் இருக்கின்றன. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில் வேலைக்கு வைக்கப்பட்ட குடும்பங்களின் கட்டிலுக்கு அடியில் அவற்றை இன்றும் பார்க்கலாம்.

பொருள் உள்ளே வரும் வழி

ஒருவர் ஒரு பழைய பொருளைக் கொண்டுவந்து கொடுக்கிறார். வாங்கி அலமாரியில் வைத்தால் ஆயிற்று என்றுதான் தோன்றும். பல ஊர்களில் ஆர்வத்தோடு தொடங்கிய சேகரிப்புகள் வீணானது இங்கேதான். கொடுத்தவர் சொன்னது யாருக்காவது நினைவில் இருக்கும். அந்த ஆள் ஊரைவிட்டுப் போனதும் எது யாருடையது என்றே தெரியாமல் எல்லாம் பழஞ்சாமான் ஆகிவிடும்.

என்னைக் கேட்டால், சிறிய அருங்காட்சியகத்துக்குக் கண்ணாடிப் பெட்டி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு கெட்டி அட்டைப் பதிவேடு இல்லாமல் கதவைத் திறக்கவே கூடாது. பெரிய அருங்காட்சியகத்தில் ஒரு சோழர் சிலைக்குப் பின்கதை தெரியாவிட்டாலும் சிலையே பேசும். கொழுந்துக் கூடை பேசாது. ஆயிரம் கூடைகளில் இந்தக் கூடையை ஏன் வைத்தோம் என்பதை அதைச் சுமந்தவரின் பெயரும் கதையும்தான் சொல்லும். ஆகவே இங்கே பொருளைவிடக் கதையை முதலில் வாங்க வேண்டும்.

அதற்குக் கேள்வித்தாளோடு போய் உட்கார்ந்தால் யாரும் பேசமாட்டார்கள். பொருளைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்பது நல்லது. "அம்மாயி, இதை எப்படித் தலையில மாட்டுவீங்க?" என்று கேட்டால் அவர் எழுந்து நின்று மாட்டியே காட்டுவார். காட்டும்போதே, வேலைக்குப் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும், பிள்ளையை யாரிடம் விட்டுப் போனார், கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை எவ்வளவு கழித்தார் என்று ஒவ்வொன்றாக வரும். அனுமதி கேட்டுவிட்டு போனில் பதிவு செய்துகொள்ளலாம். அவர் பேசிய பேச்சை 'திருத்தி' எழுதக் கூடாது. பீலி என்று சொன்னால் பீலி என்றே எழுதுங்கள். குழாயடி என்று மாற்ற வேண்டாம்.

மத்தியப் பிரதேசத்தின் போபாலில் இதை முழுமையாகவே செய்திருக்கிறார்கள். 1984 விஷவாயுக் கசிவில் தப்பியவர்களும் அவர்களோடு போராடியவர்களும் சேர்ந்து 2014-ல் திறந்த நினைவு அருங்காட்சியகத்தில் குழந்தையின் உடை போன்ற வீட்டுப் பொருள்களுக்குப் பக்கத்தில் டெலிபோன் ரிசீவர் தொங்கும். எடுத்துக் காதில் வைத்தால் அந்தப் பொருளுக்கு உரியவர் பேசுவதைக் கேட்கலாம். அரசுப் பணமும் கம்பெனிப் பணமும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு நடத்துகிறார்கள்.

கதை பதிவானதும் எழுத்து வேலை. முதலில் பொருள் நன்கொடையா, இரவலா என்பது தெளிவாக வேண்டும். நன்கொடை என்றால் ஒரு பக்கக் கடிதம்: இந்தப் பொருளை, இன்ன தேதியில், இன்னார் கொடுத்தார், காட்சிக்கு வைக்கலாமா, படம் வெளியிடலாமா, பெயரைச் சொல்லலாமா, நாளைக்கு அருங்காட்சியகம் மூடினால் பொருள் யாருக்குத் திரும்ப வேண்டும். இந்தக் கடைசி வரியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சிறிய இடங்கள் மூடப்படுவது நடக்கக்கூடியதே. வீட்டில் அண்ணன் கொடுத்ததைத் தங்கை ஒத்துக்கொள்ளாமல் பின்னால் வந்து கேட்பதும் நடக்கும். குடும்பத்தில் எல்லாருக்கும் சம்மதமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது மரியாதை.

பிறகு பதிவெண். பல இடங்களில் பழக்கத்தில் உள்ள முறை எளிமையானது. 2024.7.3 என்றால், 2024-ல் வந்த ஏழாவது நன்கொடையில் மூன்றாவது பொருள். பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே எல்லா விவரமும் இருக்கும். எண்ணைப் பொருளின்மேலும் எழுத வேண்டும், ஆனால் பிற்காலத்தில் அழிக்க முடிகிற மாதிரி. உலோகம், மரம், பீங்கான் என்றால் கண்ணில் படாத ஓரத்தில் பாரலாய்ட் பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து மெல்லிய பூச்சாகத் தடவி, காய்ந்ததும் அதன்மேல் எழுதி, மேலே இன்னொரு பூச்சு. துணிக்கு, எண் எழுதிய பருத்தி நாடாவை இரண்டு தையல் போட்டு இணைத்தால் போதும். காகிதத்துக்கும் போட்டோவுக்கும் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சில். பால்பாயிண்ட் பேனாவோ ஸ்டிக்கரோ எதிலும் கூடாது.

கூடவே ஒரு நிலைக் குறிப்பு. உதாரணத்துக்கு: 'விளிம்பு இரண்டு இடத்தில் விட்டிருக்கிறது, கம்பித் தையல் ஒன்று, முதுகுப்பக்கம் தேய்மானம், பூச்சி இல்லை'. அடுத்த வருடம் பார்க்கும்போது என்ன மாறியது என்று தெரிய இதுவே வழி. அந்தக் கம்பித் தையலை அசிங்கமாக இருக்கிறது என்று யாரும் பிரித்துவிடக் கூடாது. சுமந்தவர் கைப்படப் போட்டது அது.

எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளவும் கூடாது. பத்து கவ்வாத்துக் கத்தி வந்தால் பத்தையும் பாதுகாக்கச் சிறிய இடத்தில் வசதி இருக்காது. அதைவிட முக்கியமாக, காகிதங்களை வாங்குவதில் கவனம் வேண்டும். பிறப்புப் பதிவு, குடியுரிமைச் சான்றிதழ், குடும்ப அட்டை போன்றவை பல குடும்பங்களுக்கு இன்னும் வெறும் நினைவுப்பொருள் ஆகவில்லை. காணிக்கோ, பிள்ளையின் சாதிச் சான்றிதழுக்கோ, எங்கோ ஓர் அலுவலகத்தில் நாளை அவை தேவைப்படலாம். நாடற்றவர் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் இலங்கையில் 2003-ல்தான் வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். ஆகவே மூலத்தை வாங்காமல், வீட்டிலேயே ஸ்கேன் செய்து, நகலை மட்டும் எடுத்துக்கொண்டு காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்ல முறை. அருங்காட்சியகத்தில் இருப்பது படம். உரிமை அந்தக் குடும்பத்திடம்.

மழையும் புளியும் இராமபாணமும்

மலைநாட்டு ஈரம் சேகரிப்புகளுக்குப் பெரிய பகை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நின்றால் துணியிலும் தோலிலும் காகிதத்திலும் பூஞ்சணம் பிடிக்க ஆரம்பிக்கும். ஏசி வைக்க வசதியில்லாத இடத்தில் செய்யக்கூடியவை: பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் சற்றுத் தள்ளிவைப்பது, தரையில் எதையும் வைக்காமல் பலகைமேல் வைப்பது, மழையில்லாத நேரத்தில் ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுப்பது, ஓட்டு ஒழுகலை உடனே சரிசெய்வது. விலையுயர்ந்த கருவி எதையும்விட ஒழுகாத கூரை பெரிது.

வெளிச்சம் அடுத்த பகை. சேலைக்கும் போட்டோவுக்கும் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் வேண்டாம் என்பது பொதுவான அளவு. அது நம் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். வெயிலில் போன நிறம் திரும்பி வராது. ஆகவே துணிகளை மாற்றி மாற்றிக் காட்சிக்கு வைத்து, மற்ற நேரம் இருட்டில் ஓய்வு கொடுக்க வேண்டும்.

பித்தளைச் செம்பு வந்ததும் நம் கை தானாகப் புளியைத் தேடும். தயவுசெய்து வேண்டாம். நம் ஊர்ப் பாத்திரங்களில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கல்யாணத்துக்குச் சீராக வந்ததா, யார் கொடுத்தது என்பதெல்லாம் அந்த வரியில் இருக்கும். புளியின் அமிலமும் சாம்பலின் உரசலும் ஒவ்வொரு தடவையும் உலோகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். ஏற்கெனவே நாற்பது வருடம் துலக்கியதில் பாதி எழுத்து மறைந்திருக்கும். இன்னும் துலக்கினால் மீதியும் போய்விடும். பளபளப்பு இல்லாவிட்டால் என்ன, பெயர் இருக்கட்டும். மெல்லிய தூரிகையால் தூசி தட்டி, உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். மங்கிய எழுத்தைப் படிக்க டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத புள்ளிகள் நிழலோடு எழும்பி வரும்.

பூச்சிக்கு நாம் நாப்தலீன் உருண்டை போடுவோம். அதன் ஆவி மூடிய அறையில் வேலை செய்பவருக்குக் கெடுதல், சில பிளாஸ்டிக் பொருள்களையும் பாதிக்கும். இராமபாணம் என்ற வெள்ளிநிறப் பூச்சியோ வண்டோ அரித்த துணி, கூடை என்றால் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் சுமார் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைப்பது உலகம் முழுக்கக் கையாளும் முறை. வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட வேண்டும், இல்லையென்றால் குளிர்ந்த பொருள்மேல் நீர் கோத்துக்கொள்ளும். போட்டோ, ஓவியம், ஈரமான பொருள்களுக்கு இந்த முறை ஒத்துவராது. பழைய காகிதத்தை லேமினேட் செய்வதும் செலோடேப் ஒட்டுவதும் எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம். இரண்டையும் பின்னால் பிரிக்க முயன்றால் காகிதமும் கூடவே வரும்.

பெயர்ப் பலகையில் என்ன எழுதுவது?

'மூங்கில் கூடை, 20-ஆம் நூற்றாண்டு.' இப்படி ஓர் அட்டை வைத்தால் அந்தப் பழைய தபாலட்டையில் எழுதியதைத்தான் நாமும் எழுதியிருக்கிறோம். சுமந்தவர் பெயர், தோட்டம், அதில் எந்தப் பிரிவு (டிவிஷன்), எந்த வயதில் தொழிலாளியாகப் பேர் பதிந்தார், எந்த வருடம் வரை சுமந்தார், யார் பின்னிக் கொடுத்தது, யார் நன்கொடை தந்தது என்று எழுத வேண்டும். அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை அவர் வாய்மொழியாகவே போடலாம். அவர் பெயரை வெளியிட விரும்பவில்லை என்றால் அந்த விருப்பத்தையும் மதித்து, பதிவேட்டில் மட்டும் எழுதிவைத்தால் போதும்.

அமிர்தசரஸ் டவுன் ஹாலில் 2017-ல் திறந்த பிரிவினை அருங்காட்சியகத்தில் பூவேலை செய்த ஒரு புல்காரிச் சட்டையும் ஒரு தோல் பெட்டியும் இருக்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணத் துணி, சாதாரணப் பெட்டி. 1947-க்கு முன் கல்யாணம் பேசி வைத்திருந்த ஒரு பெண்ணும் ஆணும் கலவரத்தில் பிரிந்து, ஆளுக்கொரு பக்கமாகத் தப்பி ஓடி வந்தபோது அவள் கொண்டுவந்தது அந்தச் சட்டை, அவன் கொண்டுவந்தது தன் சான்றிதழ்கள் அடங்கிய அந்தப் பெட்டி. அமிர்தசரஸ் முகாமில் சாப்பாட்டுக்கு நின்ற வரிசையில் மறுபடி சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். குடும்பத்தார் அந்த விவரத்தைச் சொல்லாமல் பொருளை மட்டும் கொடுத்திருந்தால் இரண்டும் வேறு வேறு அலமாரிக்குப் போயிருக்கும்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதியை 1966-ல் வெள்ளையருக்கு மட்டுமானது என்று அறிவித்து, 60,000-க்கும் மேற்பட்டவர்களை அங்கிருந்து கிளப்பினார்கள். வீடுகளை இடித்துத் தள்ளியபோது, இடிப்பு வேலையை மேற்பார்த்தவரே தெருப் பெயர்ப் பலகைகளைத் தூக்கி எறியாமல் ஒளித்துவைத்திருந்தார். 1994-ல் ஒரு பழைய மெதடிஸ்ட் தேவாலயத்தில் அருங்காட்சியகம் திறந்தபோது அந்தப் பலகைகள் அங்கே ஏறின. தரையில் பழைய தெருக்களின் வரைபடம் விரித்திருக்கிறார்கள். பழைய குடியிருப்பாளர் வந்தால் குனிந்து, தன் வீடு இருந்த இடத்தில் பெயரை எழுதலாம். பார்க்க வருபவரே தகவல் தருபவராகவும் ஆகிவிடுகிறார். பெரிய அருங்காட்சியகங்களில் காவலாளி 'தொடாதே' என்று சொல்வார். இங்கே பேனாவைக் கொடுக்கிறார்கள். சமூக அருங்காட்சியகத்தை அடையாளம் காண இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை.

மலையகத்தில் இப்படி ஒரு வரைபடம் வைத்தால் அது பாக்கு நீரிணையின் இரண்டு கரையையும் சேர்த்து வரைந்ததாக இருக்க வேண்டும். தோட்டத்துக் கூடை கம்பளையில் இருக்கும். அதைப் பின்னியவரின் பாஸ்போர்ட் கூடலூரில் இருக்கும். அவர் அம்மாவின் செம்பு திருச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும். ஒரே குடும்பத்தின் பொருள்கள் மூன்று இடத்தில், மூன்று வீட்டில் கிடக்கும். அவற்றையெல்லாம் ஓரிடத்துக்குக் கொண்டுவர வேண்டிய அவசியமில்லை. அங்கங்கே இருப்பதை அங்கங்கே பதிந்து, படத்தையும் குரலையும் பகிர்ந்துகொண்டால் போதும். இணையம் வந்த பிறகு இது செலவில்லாத வேலை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பொருள் இருந்தால் இன்றைக்கே செய்யக்கூடியது இவ்வளவுதான். ஜன்னல் பக்கம் வைத்து நாலு பக்கமும் அடியும் படமெடுங்கள். அளவு தெரிய ஓர் அடிக்கோலைப் பக்கத்தில் வையுங்கள். வீட்டில் மூத்தவரிடம் அதைக் கொடுத்து, யாருடையது, எங்கிருந்து வந்தது, எப்படிப் பயன்படுத்தினார்கள், ஏன் தூக்கிப்போடவில்லை என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். போட்டோ என்றால் இடமிருந்து வலமாக ஒவ்வொருவர் பெயரையும் பென்சிலால் பின்பக்கம் எழுதுங்கள். 'அத்தை', 'பெரியப்பா' என்று மட்டும் எழுதினால் அடுத்த தலைமுறைக்கு யாருக்கு அத்தை என்று தெரியாது, முழுப் பெயரும் ஊரும் வேண்டும். எழுதிய நகல் ஒன்றை வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரருக்கும் அனுப்பிவைத்துவிடுங்கள்.